1965 டீலக்ஸ் ரிவெர்ப்: உள்ளே இருக்கும் பழைய கண்டென்சரைத் தொடலாமா, கூடாதா?

ஓஹையோ_செந்தில்

எல்லாருக்கும் வணக்கம். கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் பெரியவர் இறந்துபோனதால் சாமான்களையெல்லாம் விற்கிறார்கள், அதில் ஒரு ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் கிதார் ஆம்ப் இருக்கிறது. கறுப்பு முகப்பு, வெள்ளி மினுக்கும் முன்துணி, இரண்டு முள் பிளக், பின்னால் கிரவுண்ட் சுவிட்ச். விற்பது மகன். "எல்லாமே ஒரிஜினல், ஒரு ஸ்க்ரூவைக்கூட யாரும் கழற்றியதில்லை" என்கிறார், விலையும் அந்தத் தெம்பில்தான் சொல்கிறார். கரண்டில் சொருகிக் காட்டட்டுமா என்று கேட்டார், இப்போதைக்கு வேண்டாம் என்றேன். பின்பலகையைக் கழற்றிப் பார்க்க மட்டும் விட்டார்.

உள்ளே ஒட்டியிருக்கும் ட்யூப் அட்டவணைத் தாளில் "ஓ.கே." என்று ரப்பர் ஸ்டாம்ப் அடித்திருக்கிறது. ஃபேக்டரியில் சோதித்து சரி என்று அடித்ததா? பெரிய டிரான்ஸ்ஃபார்மரில் 606-5-38, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் 606-8-20, ஸ்பீக்கரில் 465-541 என்று எண்கள் இருக்கின்றன. இது எந்த வருடத்து ஆம்ப்? வாங்கினால் உள்ளே இருக்கும் பழைய கண்டென்சர்களை மாற்ற வேண்டுமா, இல்லை மாற்றினால் மதிப்பு போய்விடுமா? இணையத்தில் இரண்டு பக்கமும் சத்தியம் செய்கிறார்கள், எனக்குத் தலை சுற்றுகிறது.

நெகடிவ்_பயாஸ்

செந்தில், சொருக விடாமல் தடுத்தீர்களே, அதற்கே ஒரு கும்பிடு.

அந்த ஓ.கே. சரிபார்த்த முத்திரை இல்லை, தேதி. அந்தக் காலத்தில் ஃபெண்டரில் இரண்டு எழுத்தில் தேதி அடிப்பார்கள். முதல் எழுத்து வருடம், 1951-க்கு ஏ என்று வைத்து எண்ணிக்கொண்டே வாருங்கள், ஓ வரும்போது 1965. இரண்டாவது எழுத்து மாதம், கே பதினொன்றாவது எழுத்து. ஆக 1965 நவம்பர். அந்த மாதம் முத்திரை வாங்கிய எல்லா ஆம்பிலும் ஓ.கே. என்றுதான் இருக்கும், பார்ப்பவர்கள் பலரும் உங்களைப் போலத்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

606 என்பது ஷூமாக்கர் கம்பெனிக்கான எண். அடுத்த இலக்கம் வருடத்தின் கடைசி எண், அதற்கடுத்தது வாரம். அதனால் 606-5-38 என்றால் 1965 செப்டம்பர் வாக்கில். 465 ஆக்ஸ்ஃபோர்டு ஸ்பீக்கர், 541 என்றால் அதே வருடம் அக்டோபர். இரண்டும் நவம்பரில் பெட்டிக்குள் போயிருக்கின்றன, கச்சிதம். வருடத்துக்கு ஒரே இலக்கம் என்பதால் 5 என்பது 1975 ஆகவும் இருக்கலாமே என்று கேட்கலாம், ஆனால் கறுப்பு முகப்பு டீலக்ஸ் ரிவெர்ப் 1963-இல் வந்து 1967 வாக்கில் நின்றுவிட்டது, சேர்த்துப் பார்த்தால் குழப்பம் இல்லை.

இடிப்பது அந்த 606-8-20 தான். அது 1968 மே மாதம். 1965-இல் கட்டிய ஆம்புக்குள் 1968 டிரான்ஸ்ஃபார்மர் நடந்தா வந்தது? பழையது எரிந்து மாற்றியிருக்கிறார்கள். ட்யூப் ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான் முதலில் அடிவாங்கும், அந்த மாதிரி ஏதாவது நடந்திருக்கலாம். மகன் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, அவர் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அப்பா கடையில் கொடுத்து மாற்றியிருப்பார். ஆனால் "யாரும் கழற்றியதில்லை" என்பதற்கான விலையை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.

இனி கண்டென்சர். எலக்ட்ரோலிட்டிக் வகைகளை மாற்றியே ஆக வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. உள்ளே இருக்கும் ஈரப்பசை காய்ந்துவிடும், நல்ல கம்பெனி சரக்கே இருபது வருடத்துக்குமேல் தாங்கினால் அதிர்ஷ்டம், உங்களுடையது அறுபதைத் தொடுகிறது. அவை சேஸிக்கு, அதாவது ஆம்பின் உலோகச் சட்டத்துக்கு, மறுபக்கம் ஒரு தகர மூடிக்குள் இருக்கும், டாக் ஹவுஸ் என்பார்கள். அங்கே 400 வோல்ட்டுக்கும் மேல் நிற்கிறது. ஒன்று ஷார்ட் ஆனால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் ட்யூப் போகும், கூடவே பவர் டிரான்ஸ்ஃபார்மரும் போகலாம், அதுவாவது உங்களிடம் ஒரிஜினலாக இருக்கிறது.

அதைவிட மோசம் பயாஸ் கண்டென்சர். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும், விலை சில சென்ட். அது கெட்டால் 6வி6 எனும் பவர் ட்யூப்களின் கிரிட்டுக்குப் போகும் நெகடிவ் வோல்டேஜ் குறையும், ட்யூப் உள்ளே தகடு சிவந்து ஒளிரும், யாரும் கவனிக்காமல் விட்டால் மறுபடியும் ஒரு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்.

ட்வீட்_வெறியன்

எதற்கெடுத்தாலும் சால்டரிங் அயர்னைத் தூக்குகிறீர்களே! சேகரிப்பு என்பது வேறு, வாசிப்பு என்பது வேறு. ஃபுல்லர்டனில் ஒரு பெண்மணி 1965-இல் வைத்த சால்டர் அது, ஒரு தடவை உருக்கிவிட்டால் திரும்ப வராது. அட்டவணைத் தாளில் பேனாவால் யாராவது பெயர் எழுதியிருந்தால்கூட நான் அதைத் துடைக்க விடமாட்டேன். இன்று நாட்டில் மிச்சமிருக்கும் தொடாத ஆம்புகள் ஒவ்வொன்றாக "சர்வீஸ்" என்ற பெயரில் அழிந்துகொண்டிருக்கின்றன. என்னிடம் ஃபெண்டரின் 5எஃப்6-ஏ சர்க்யூட் பேஸ்மேன் ஆம்ப் ஒன்று இருக்கிறது, நான்கு 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கருடன், மஞ்சள் அஸ்ட்ரான் கண்டென்சர்கள் எல்லாம் அப்படியே. அதை நான் கரண்டில் போடுவதில்லை, போடவும் மாட்டேன்.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன், 1965 நவம்பர் என்றால் சிபிஎஸ் காலம். லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை சிபிஎஸ் என்ற ஒளிபரப்புக் கம்பெனிக்கு விற்றது 1965 ஜனவரியில், 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு. அதற்குப் பிந்தையது என்றால் விலையில் இன்னும் கொஞ்சம் குறையுங்கள்.

நெகடிவ்_பயாஸ்

சிபிஎஸ் பூச்சாண்டியை இன்னும் எத்தனை நாள் காட்டுவீர்கள்? ஜனவரியில் கையெழுத்துப் போட்டார்கள் என்பதற்காக பிப்ரவரியில் வேறு ஆம்பா வந்தது? ஏபி763 சர்க்யூட் அதேதான், டிரான்ஸ்ஃபார்மர் அதேதான், கட்டிய கைகளும் அதே கைகள்தான். முகப்பில் கம்பெனிப் பெயர் "எலக்ட்ரிக் இன்ஸ்ட்ருமென்ட்" போய் "மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்" ஆனது, கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் அவ்வளவுதான். சர்க்யூட்டில் கைவைக்க ஆரம்பித்தது வெள்ளி முகப்பு வந்தபின், 1968 வாக்கில், அதுவும் ட்வின் ரிவெர்ப் மாதிரி பெரிய ஆம்புகளில். பிறகு 70-களில் மாஸ்டர் வால்யூம், 1977 வாக்கில் ட்வினை 135 வாட்டாக ஏற்றி அல்ட்ரா லீனியர் டிரான்ஸ்ஃபார்மர் போட்டது, அதைப் பற்றித் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

உங்கள் பேஸ்மேனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கரண்டில் போடவே மாட்டேன் என்பவர் கண்டென்சரை மாற்ற வேண்டாம், அது நியாயம். ஆனால் செந்திலின் ஆம்பில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே ஒருமுறை மாறிவிட்டது. "தொடாத ஆம்ப்" என்ற தகுதி எப்போதோ போய்விட்டது. இல்லாத கன்னித்தன்மைக்குக் காவல் இருப்பதற்கு அவர் ஏன் பயந்துகொண்டே வாசிக்க வேண்டும்?

மாற்றச் சொல்வதும் எல்லாவற்றையும் இல்லை. நீல நிற மல்லோரி கண்டென்சர்கள் சிக்னல் போகும் வழியில் இருக்கும், அவை காய்ந்துபோகிற ஜாதி இல்லை, டிசி கசிகிறதா என்று மீட்டரில் பார்த்து கசியாவிட்டால் கையே வைக்கக் கூடாது. கார்பன் ரெசிஸ்டர்கள் மதிப்பு ஏறிப்போயிருக்கலாம், பிளேட்டுக்குப் போகும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஏதாவது கரகரவென்று இரைந்தால் அதை மட்டும். கழற்றிய ஒவ்வொன்றையும் ஒரு பையில் போட்டு பெட்டியின் அடியில் வைத்துவிடுங்கள், நாளைக்கு விற்றால் அந்தப் பையும் சேர்த்து விலைபோகும்.

பழைய_மைக்செட்

தம்பிகளா, நான் மதுரைப் பக்கம். எனக்கு ஃபெண்டரும் தெரியாது மார்ஷலும் தெரியாது, கிதாரும் வாசிக்கத் தெரியாது. ஆனால் திருவிழாவுக்கு மைக்செட் கட்டிய காலத்தில் வால்வு ஆம்ப் (நீங்கள் ட்யூப் என்பது) வைத்துத்தான் பிழைத்தோம், இஎல்34 வால்வு ஒன்று எரிந்துபோனால் அந்த ராத்திரி வருமானமே போச்சு. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் போட்ட ஈசிசி83 வால்வு அப்போது ரேடியோக் கடையில் காய்கறி மாதிரி கிடைக்கும். அதைத்தான் நீங்கள் 12ஏஎக்ஸ்7 என்று சொல்கிறீர்கள் என்று பேரன் சொன்னான், அதை இப்போது வெளிநாட்டுக்காரன் தேடித்தேடி வாங்குகிறானாம்.

நான் சொல்ல வந்தது வேறு. பல வருடம் சும்மா கிடந்த ஆம்பை நேராகக் கரண்டில் கொடுக்காதீர்கள். சீரிஸ் பல்ப் போடுங்கள், அதாவது ஆம்புக்குக் கரண்ட் போகும் ஒயரின் நடுவே ஒரு பல்ப், குண்டு பல்ப், எல்இடி வேலைக்கு ஆகாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் மங்காமல் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், ஆம்புக்கு ஒன்றும் ஆகாது. ஷார்ட் இல்லை என்றால் முதலில் எரிந்து அப்புறம் மங்கிவிடும். அந்த இரண்டு முள் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு எர்த் உள்ள மூன்று முள் ஒயர் போடுங்கள். பிளக்கை ஆஃப் செய்துவிட்டோம் என்று உள்ளே கைவிடவும் கூடாது, கண்டென்சரில் கரண்ட் தேங்கி நிற்கும், ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டு மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். எங்கள் மேஸ்திரி இடது கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வால்வு செட்டைத் தொடுவார், இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும் என்பார்.

நெகடிவ்_பயாஸ்

ஐயா சொன்ன ஒவ்வொரு வரியும் தங்கம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்தக் கிரவுண்ட் சுவிட்சிலிருந்து சேஸிக்கு ஒரு கண்டென்சர் போகும், அமெரிக்க மெக்கானிக்குகள் அதற்கு "டெத் கேப்", அதாவது சாவுக் கண்டென்சர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அது ஷார்ட் ஆனால் மெயின்ஸ் நேராக சேஸிக்கு வரும், சேஸியிலிருந்து கிதார் கம்பிக்கு, கம்பியிலிருந்து உங்களுக்கு. எதிரே எர்த் ஆன மைக் இருந்து உதடு பட்டால் முடிந்தது கதை. மூன்று முள் ஒயர் போடும்போதே அதைத் துண்டித்துவிட வேண்டும். சுவிட்ச் பின்னால் அலங்காரமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஈலிங்_வாசி

நான் லண்டன். ஜிம் மார்ஷல் முதல் கடை போட்ட ஹான்வெல் எங்கட வீட்டிலிருந்து கிட்டத்தான், அக்ஸ்பிரிட்ஜ் ரோட்டில். அவர் டிரம்ஸ் வித்தவர், டிரம்ஸ் படிப்பிச்சவர். கடைக்கு வந்த கிதார் பெடியங்கள் தங்களுக்கு ஏத்த சத்தம் இல்லை என்று நச்சரிக்க, 1962-இல் கென் பிரானும் டட்லி கிரேவனும் சேர்ந்து ஜேடிஎம்45 கட்டினார்கள். அதன் சர்க்யூட் மேலே ட்வீட் நண்பர் சொன்ன அதே 5எஃப்6-ஏ பேஸ்மேன்தான், கிட்டத்தட்ட அச்சொட்டாக. ஆனால் இங்கே கிடைத்த பாகங்களைப் போட்டார்கள், டிரான்ஸ்ஃபார்மர் வேறு, ஸ்பீக்கர் செலஸ்ஷன், கொஞ்ச நாளில் வால்வும் கேடி66 ஆகி, பிறகு இஎல்34 ஆனது, சத்தமும் மாறிப்போனது. பாகம் மாறினால் ஆன்மா போய்விடும் என்று கதைப்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும், மார்ஷல் என்ற சத்தமே பேஸ்மேனில் பாகங்களை மாற்றியதால்தானே பிறந்தது.

நான் பாவிப்பது வாக்ஸ் ஏசி30, டாட்ஃபர்டில் ஜேஎம்ஐ செய்த காலத்தது, டிக் டென்னி வடிவமைத்தவர். நாலு இஎல்84 வால்வு ஒரு சின்ன இடத்துக்குள் முட்டிக்கொண்டு நிற்கும், சரியான வெக்கை. அந்த வெக்கையில் ஒரிஜினல் கண்டென்சர் அறுபது வருடம் நிற்கும் என்று யாரும் சொன்னால் நம்பாதேங்கோ. நீலச் செலஸ்ஷன் ஸ்பீக்கர் இரண்டும் ஒரிஜினல், அதை மட்டும் வடிவாகப் பார்த்துக்கொள்கிறேன். முதுகு போய்விட்டது, தூக்க ஆள் வேண்டும், அது வேறு கதை.

ட்வீட்_வெறியன்

ஈலிங் நண்பரே, மார்ஷல் புதிதாகச் செய்த ஆம்ப். இருக்கிற பழைய ஆம்பைப் பிரித்துச் செய்ததில்லை. ஒப்பீடே தவறு.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், 8-20 டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற ஆம்பை நானாக இருந்தாலும் அலமாரியில் வைக்க மாட்டேன். அதை வாசிக்க வேண்டியதுதான். ட்யூப் விஷயத்திலாவது பழையதாகப் பாருங்கள் செந்தில், ஆர்சிஏ 6வி6, முல்லார்ட் ஜிஇசட்34. அந்த முல்லார்ட் ரெக்டிஃபையருக்கு ஈடாக இன்று எவனும் செய்யவில்லை.

நெகடிவ்_பயாஸ்

ஜிஇசட்34 பற்றி முழுக்க உடன்படுகிறேன், இந்த ஒன்றில் நம் இருவருக்கும் சண்டை இல்லை. இப்போது வருகிற ரெக்டிஃபையர் ட்யூப்கள் திடீரென்று பொறி பறந்து ப்யூஸை எரிக்கின்றன. ஆனால் முல்லார்ட் என்று எழுதியிருப்பதெல்லாம் முல்லார்ட் இல்லை, எழுத்தை யாரும் புதிதாக அச்சடிக்கலாம். கண்ணாடியின் அடிப்பக்கம் பொறித்த குறியைப் பாருங்கள், இரண்டாவது வரி பி என்ற எழுத்தில் தொடங்கினால் முல்லார்டின் பிளாக்பர்ன் ஆலை. டெலிஃபுங்கன் என்றால் முள்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே வைர வடிவம் பதிந்திருக்கும். குறி இல்லாமல் பெரிய விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

6வி6-க்கு ஸ்லோவாக்கியாவின் ஜேஜே போதும். 400 வோல்ட்டுக்குமேல் தாங்குகிறது, இந்த ஆம்ப் 6வி6-ஐ அதன் எல்லை தாண்டித்தான் ஓட்டுகிறது. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது சரடோவ் ஆலை ட்யூப்களெல்லாம் விலை எகிறியது நினைவிருக்கும், அன்றிலிருந்து இரண்டு ஜோடி கையிருப்பு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அடையாறு_ஸ்ட்ராட்

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். அண்ணன் ஒருவர் டெக்சஸிலிருந்து மொத்தமாக ஊர் திரும்புகிறார், அவரிடம் இதே டீலக்ஸ் ரிவெர்ப் வெள்ளி முகப்பில் இருக்கிறது, எனக்குத் தருகிறேன் என்கிறார். சென்னையில் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாம்தானே? வெள்ளி முகப்பு என்றால் மட்டமா?

நெகடிவ்_பயாஸ்

வெள்ளி முகப்பு டீலக்ஸ் ரிவெர்ப் மட்டம் இல்லவே இல்லை. பெரிய ஆம்புகளில் செய்த அளவு கோளாறை சிபிஎஸ் டீலக்ஸ் ரிவெர்பிலும் பிரின்ஸ்டன் ரிவெர்பிலும் செய்யவில்லை. விலை மட்டும் கறுப்பைவிட நன்றாகவே குறைவு, பணத்துக்கு நியாயமாக நடந்துகொள்ளும் பழைய ஃபெண்டர் என்று எனக்குத் தோன்றுவது இந்த இரண்டும்தான்.

ஸ்டெப்டவுன் விஷயத்தில் பலரும் வோல்டேஜை மட்டும் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் கரண்ட் நொடிக்கு 60 சைக்கிள், நம் ஊரில் 50. உள்நாட்டு விற்பனைக்குச் செய்த ஃபெண்டரின் பவர் டிரான்ஸ்ஃபார்மர் 60-க்குத் தகுந்த இரும்பு அளவில் இருக்கும், 50-இல் ஓட்டினால் இரும்பு நிறைவுறும், கூடுதலாகச் சூடாகும். ஸ்டெப்டவுன் வோல்டேஜைத்தான் குறைக்கும், சைக்கிளை மாற்றாது. அதனால் 120 வேண்டாம், 110 வோல்ட் அல்லது அதற்கும் சற்றுக் கீழே எடுங்கள். 60-களில் இந்த ஆம்புகளை 117 வோல்ட்டுக்குத்தான் செய்தார்கள், குறைத்துக் கொடுப்பதால் வால்வின் ஹீட்டருக்கும் நல்லது, 6.3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். ஸ்டெப்டவுன் குறைந்தது 300 விஏ, எர்த் நேராகப் போகிற வகையாக இருக்கட்டும். ரொம்ப நேரம் வாசிக்கிறவர் என்றால் 230 வோல்ட் 50 சைக்கிளுக்கான ஏற்றுமதி வகை டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டுவிட்டு பழையதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, சென்னைக் காற்று. உள்ளே எல்லா பாகமும் ஒரு கறுப்பு ஃபைபர் அட்டைமேல் இருக்கும், மெழுகு பூசியது. ஈரம் குடித்தால் அந்த அட்டையே கொஞ்சம் கரண்ட் கடத்த ஆரம்பிக்கும், வாசிக்காதபோதும் படபடவென்று சத்தம் வரும். மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவையாவது ஆன் செய்து சூடாக்குங்கள்.

பழைய_மைக்செட்

கடற்கரைப் பக்கம் என்றால் வால்வு சாக்கெட்டும் பச்சை பிடிக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்து வால்வை இரண்டு தடவை ஏற்றி இறக்கினால் போதும்.

ஓஹையோ_செந்தில்

வாங்கிவிட்டேன்! 606-8-20 எண்ணை மகனிடம் காட்டி விளக்கினேன், அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்பா ஒரு கல்யாண வீட்டில் வாசிக்கும்போது ஆம்ப் புகைந்ததாக அம்மா சொன்ன ஞாபகம் இருக்கிறது என்றார். விலையில் நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இறங்கி வந்தார். கழற்றும் பாகங்கள் எதுவும் அவருக்கு வேண்டாமாம், அப்பா வாசிக்கும் ஒரு போட்டோவை மட்டும் பிரதி எடுத்துக் கொடுத்து பெட்டிக்குள் வைக்கச் சொன்னார்.

இங்கே ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறந்தபோது டாக் ஹவுஸுக்குள் இரண்டு கண்டென்சர் வாயில் வெள்ளையாகப் பூத்திருந்தது. எலக்ட்ரோலிட்டிக் எல்லாம் புதிது, மூன்று முள் ஒயர் போட்டாயிற்று, சாவுக் கண்டென்சர் போயிற்று, நீல மல்லோரி எதுவும் கசியவில்லை என்று அப்படியே விட்டுவிட்டார். ஆர்சிஏ 6வி6 இரண்டும் டெஸ்டரில் இன்னும் நன்றாகக் காட்டுகின்றன. ஆனால் ரிவெர்ப், அதாவது எதிரொலி, சுத்தமாக வேலை செய்யவில்லை, பெட்டியைத் தட்டினால் ஸ்பிரிங் சத்தம் ஸ்பீக்கரில் கேட்கிறது. ஸ்பிரிங் இருக்கும் டாங்க்கை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.

நெகடிவ்_பயாஸ்

அவசரப்படாதீர்கள். தட்டினால் கேட்கிறது என்றால் ஸ்பிரிங்குக்கு அப்புறம் உள்ள பாதி சரியாக இருக்கிறது, பழுது டாங்க்குக்குள் சிக்னல் அனுப்புகிற பாதியில். பின்னாலிருந்து பார்த்தால் வலது ஓரத்திலிருந்து எண்ண மூன்றாவது ட்யூப், 12ஏடி7, அதை மாற்றிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் டாங்க்குக்குள் போகும், ஆர்சிஏ வகை பிளக் உள்ள ஒயரைப் பாருங்கள், பிளக்குக்குள் அறுந்திருக்கும். அதுவும் சரி என்றால் டாங்க்கின் இன்புட் காயிலிலிருந்து வரும் தலைமயிர் மாதிரி மெல்லிய கம்பி விட்டுப்போயிருக்கலாம், கை நடுங்காதவர் ஒருவர் சால்டர் வைத்தால் சரியாகிவிடும். டாங்க் ஹாமண்ட் கம்பெனி செய்ததா என்று பார்த்து போட்டோ போடுங்கள்.

ட்வீட்_வெறியன்

ஹாமண்ட் டாங்க் என்றால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ரிப்பேர் ஆகவில்லை என்றாலும் எனக்கு அனுப்புங்கள், தபால் செலவு நான் தருகிறேன்.